தம் பிடித்து முங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் நீச்சல் பற்றிய கேள்வி. ஊர்க் கிணற்றின் அடியில் கிடக்கும் கல்லை யார் எடுத்து வருவது என்று நண்பர்களுக்குள் போட்டி. குதிக்கும் முன் திட்டில் நின்று இருபது முப்பது தடவை வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டால் தம் கூடுதல் நேரம் தாங்குகிறது. அது ஆக்சிஜன் நிறைய ஏறுவதால்தானே, இதில் தப்பு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, போன வாரம் மேலே வந்த நண்பருக்குக் கண் இருட்டி, கை கால் வெடவெடத்து, சில நொடிகளில் சரியாகிவிட்டது என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான். 'இனித் தாங்காது, மூச்சு விட்டே ஆக வேண்டும்' என்று உடம்புக்குள் சொல்வது யார், எதைப் பார்த்துச் சொல்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் கேள்வி. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி வேகமாக மூச்சு வாங்குவதால் ஆக்சிஜன் சொல்லிக்கொள்ளும்படி ஏறுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கை பெரும்பாலும் கரியமில வாயுவை வைத்துத்தான் வருகிறது. ஆகவே நீங்கள் கூட்டிக்கொள்வது தாக்குப்பிடிக்கும் சக்தியை இல்லை, எச்சரிக்கை வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறீர்கள். அந்த எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் நினைவு தப்பும். இந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நான் மயக்க மருத்துவர். இருபது வருடத்துக்கும் மேலாக, தினமும் காலையில் அறுவை அரங்கில் யாரோ ஒருவருடைய மூச்சை மருந்து கொடுத்து நிறுத்துவதும், அவருக்குப் பதிலாக நான் மூச்சு கொடுப்பதும், முடிந்ததும் அவருடைய மூச்சை அவரிடமே திருப்பி ஒப்படைப்பதும்தான் என் வேலை. கடலுக்கடி மருத்துவம் படித்தவன் இல்லை. மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்கும் வீரர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் என்னைவிடச் சில விஷயங்களை நுட்பமாகச் சொல்வார்கள். ஆனால் மூச்சு நின்ற உடம்பில் நிமிடத்துக்கு நிமிடம் என்ன நடக்கிறது என்பதைத் திரையில் எண்களாகப் பார்த்துப் பழகியவன். சின்ன வயதில் நானும் கமலைக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன்தான்.

முதலில் மூச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். நுரையீரலுக்கென்று தானாக விரியும் தசை கிடையாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல் கவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் கொஞ்சம் மேலெழும். நெஞ்சுக்கூட்டின் உள்ளே இடம் பெருகி அழுத்தம் குறையும், காற்று தானாக உள்ளே வரும். சும்மா இருக்கும்போது வெளிவிடுவதற்குத் தசை வேலையே வேண்டாம். இழுத்த ரப்பர் பழைய நிலைக்குப் போவது போல் நுரையீரல் தானாகச் சுருங்கிவிடும். ஒரு தடவைக்கு அரை லிட்டர், நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு தடவை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்தில், தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கட்டங்களிலிருந்து கிளம்புகிறது. மரத்திலிருந்து விழுந்து கழுத்தின் மேற்பகுதி முறிந்தவர்களுக்கு மூச்சு நின்றுபோவதும், அதைவிடக் கீழே முறிந்தவர்கள் கை கால் செயலிழந்தும் தானாக மூச்சு விடுவதும் அதனால்தான்.

ஆனால் அந்த நரம்புக்கு யார் உத்தரவு போடுவது? இதயத்தை உடம்பிலிருந்து வெட்டி வெளியே எடுத்தாலும் கொஞ்ச நேரம் தானாகத் துடிக்கும். உதரவிதானத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு பிடரிக்குள், மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்திலுள்ள முகுளத்திலிருந்து வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெகல்லுவா என்ற பிரெஞ்சு மருத்துவர் முயல்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைக் கண்டார். பெருமூளையை நீக்கினாலும் மூச்சு ஓடியது, முகுளத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தொட்டதும் நின்றது. தாளத்தை உண்டாக்கும் அந்தச் சின்ன நரம்புக் கூட்டத்தைத் துல்லியமாகக் காட்ட 1991 வரை ஆனது. அதற்கு 'ப்ரீ பாட்ஸிங்கர்' என்று பெயர். அதைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஜாக் ஃபெல்ட்மன், ஜெர்மனியில் ஒரு மாநாட்டு விருந்து மேசையில் இருந்த திராட்சை மதுப் புட்டியின் பெயரை அதன் பக்கத்துப் பகுதிக்கு வைத்திருந்தார். அந்தப் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த முகுளத்துக்கு மேலே இன்னொரு எஜமானனும் உண்டு, பெருமூளை. பேசும்போது, பாடும்போது, நாகஸ்வரம் ஊதும்போது, தம் பிடிக்கும்போது பெருமூளை நேராகத் தசைகளுக்கு உத்தரவு அனுப்பி முகுளத்தை ஓரங்கட்டிவிடுகிறது. இரண்டும் தனித்தனிப் பாதைகள் என்பதை நான் அரங்கில் அடிக்கடி பார்க்கிறேன். மார்ஃபின் வகை வலி மருந்து கொஞ்சம் கூடிப்போன நோயாளி கண்ணை மூடியபடி மூச்சே விடாமல் கிடப்பார். தோளைத் தட்டி 'அம்மா, மூச்சை இழுத்து விடுங்க' என்றால் உடனே ஒழுங்காக இழுத்து விடுவார். சொல்வதை நிறுத்தினால் மூச்சும் நிற்கும். முகுளத்தின் தாளம் மருந்தில் மழுங்கியிருக்கிறது, பெருமூளையின் பாதை திறந்தே இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும் காட்சி இது. ஆனால் மூச்சு எவ்வளவு விசித்திரமான வேலை என்பதை மாணவர்களுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, முகுளம் எதைப் பார்த்து 'இன்னும் வேகமாக', 'இன்னும் மெதுவாக' என்று முடிவு செய்கிறது? ஆக்சிஜனைத்தான் என்று நினைப்போம். மூச்சு விடுவதே ஆக்சிஜனுக்காகத்தானே! 1905இல் ஹால்டேன், ப்ரீஸ்ட்லி என்ற இரண்டு உடலியலாளர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இதை அளந்து பார்த்தார்கள். ஆழமாக வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியை ஒரு நீளக் குழாயில் பிடித்தால் நுரையீரலின் அடியாழத்துக் காற்று கிடைக்கும். கார்ன்வாலில் உள்ள டால்கோத் சுரங்கத்தின் அடியிலும், ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியிலும் போய் அந்தக் காற்றைச் சோதித்தார்கள். காற்றழுத்தம் மாறியது, ஆக்சிஜனின் அழுத்தம் மாறியது. கரியமில வாயுவின் அழுத்தம் மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. உடம்பு எதைக் கட்டிக் காக்கிறதோ அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்றைக்கு என் திரையில் தெரியும் எண்ணும் அதுதான், பாதரச அளவில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். அது கொஞ்சம் ஏறினாலே மூச்சின் அளவு நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் கூடும். கரியமில வாயு ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் புகுந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. முகுளத்தின் அருகில் இருக்கும் உணரிகள் அந்த அமிலத்தைத்தான் ருசி பார்க்கின்றன.

ஆக்சிஜனுக்கு உணரியே இல்லையா என்றால், இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும் நாடி பார்க்கும் இடத்தில், பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில், அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. மாட்ரிட்டைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ டி காஸ்ட்ரோ அதன் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து, இது ரத்தத்தை ருசி பார்க்கும் உறுப்பாக இருக்க வேண்டும் என்றார். பெல்ஜியத்தின் ஹேமன்ஸ் அதைச் சோதனையில் நிறுவி 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இந்த உறுப்பு லேசில் சத்தம் போடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமான 95, 100இலிருந்து 60 வரை இறங்கும்போது முணுமுணுக்கும், அதற்குக் கீழே போனால்தான் கத்தும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கணக்கில் அது ஏறத்தாழ 90 சதவீதம். கரியமில வாயுவும் சேர்ந்து ஏறினால் அதன் குரல் பலமாக இருக்கும். கரியமில வாயு குறைவாக இருந்தால் அந்தக் குரலும் அடங்கிப்போகும். உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான இடம் இது.

ஆக்சிஜன் மட்டும் தனியாகக் குறைந்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்? 1875 ஏப்ரலில் பாரிஸிலிருந்து 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் மேலே போனார்கள். ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே இருந்தன. 8,000 மீட்டர் உயரத்தை நெருங்கும்போது கையைத் தூக்கி அதை எடுக்க அவர்களால் முடியவில்லை. இருவர் இறந்தார்கள். உயிரோடு இறங்கிய டிசாண்டியே, மூச்சுத் திணறலோ வேதனையோ இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது என்று எழுதி வைத்தார். கொரோனா காலத்தில் நம்மில் பலர் இதை நேரிலேயே பார்த்தோம். ஆக்சிமீட்டரில் 80 காட்டும், ஆள் கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். அந்த நோயாளிகள் சிலருக்கு ஏன் திணறல் தெரியவில்லை என்பதற்கு முழு விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் கரியமில வாயு தேங்காமல் வெளியேறிக்கொண்டிருந்தது அதில் ஒரு பெரிய காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் கிணற்றுத் திட்டுக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் சும்மா நிற்கும்போதே 97, 98 சதவீதம் ஆக்சிஜன் நிரம்பித்தான் இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்கினால் 99 ஆகலாம், நிறைகுடத்தில் அதற்கு மேல் ஊற்ற இடமில்லை. நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் கொஞ்சம் கூடும். நெஞ்சு நிறைய இழுத்த ஐந்தாறு லிட்டர் காற்றில் கூடுதலாக 100, 150 மில்லி ஆக்சிஜன் சேரலாம் என்பது என் கணக்கு. சும்மா கிடக்கும் உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கும். கை கால் வீசி முங்கிப் போகிறவர் அதுபோல் மூன்று, நான்கு மடங்கு செலவழிப்பார். அந்தக் கூடுதல் பத்து நொடிக்கு வரும். நீங்கள் அரை நிமிடம், முக்கால் நிமிடம் கூடுதலாகத் தாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மிச்ச நொடிகள் ஆக்சிஜனிலிருந்து வரவில்லை.

உண்மையாகவே ஆக்சிஜனை ஏற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியும், தினமும் செய்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் முன் முகமூடி வைத்து மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜனை, வழக்கமான வேகத்திலேயே, மூச்சு வாங்க வைப்போம். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தில் ஆக்சிஜன் உட்காரும். அப்புறம் மருந்தால் மூச்சு நின்றாலும், நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கு ஆக்சிமீட்டர் 90க்கு இறங்க எட்டு நிமிடம் வரை ஆகும். சாதாரணக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு மருந்தால் மூச்சு நின்றால் ஒரு நிமிடத்தை ஒட்டியே இறங்கத் தொடங்கிவிடும். 2021இல் குரோஷியாவின் பூடிமிர் ஷோபாட் நீச்சல் குளத்தில் 24 நிமிடம் 37 நொடி மூச்சடக்கி உலக சாதனை செய்தார். அவரும் அதற்கு முன் சுத்த ஆக்சிஜன் வாங்கிக்கொண்டவர்தான். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் 21 சதவீதம்தான்.

கரியமில வாயு மட்டும் வேறு மாதிரி. வேகமாக மூச்சு வாங்கினால் அது ஒரு நிமிடத்துக்குள்ளேயே 40இலிருந்து 25 பக்கம் இறங்கிவிடும். தலை லேசாகச் சுற்றுவதும், உதடும் விரல் நுனியும் மதமதப்பதும் அதன் அடையாளம். 'ஆக்சிஜன் ஏறுது' என்று உங்கள் நண்பர்கள் அந்த மதமதப்பைச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நடப்பது நேர்மாறானது. கரியமில வாயு குறைந்ததும் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதாவது குதிக்கும் முன்பே மூளைக்குக் கிடைக்கும் பங்கைக் குறைத்துவிட்டுக் குதிக்கிறீர்கள். சாதாரணமாகத் தம் பிடித்தவருக்குக் கரியமில வாயு 50ஐ நெருங்கும்போது தாங்க முடியாமல் போய், வயிறு வெட்டி வெட்டி இழுக்கும். 40இலிருந்து 50க்கு ஏறுவதற்கும், 25இலிருந்து 50க்கு ஏறுவதற்கும் எவ்வளவு நேர வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் முழுக்க ஆக்சிஜன் மட்டும் அதே வேகத்தில் தீர்ந்துகொண்டிருக்கிறது. உடம்பிலுள்ள மொத்த இருப்பே, நுரையீரலும் ரத்தமும் சேர்த்து, ஒன்றரை லிட்டரைச் சுற்றித்தான். அதிலும் கடைசிச் சொட்டு வரை எடுக்க முடியாது. வேகமாக மூச்சு வாங்கிவிட்டு நீருக்கடியில் நீந்துபவர்கள் மூச்சு முட்டும் உணர்வே சரியாக வராமல் நினைவு தப்புவதை ஆல்பர்ட் கிரெய்க் என்ற அமெரிக்க உடலியலாளர் 1961இலேயே விளக்கி எழுதினார். தப்பிப் பிழைத்த சிலரால் கடைசி நொடிகளை நினைவுபடுத்திச் சொல்லவே முடியவில்லை.

ஆழம் இதை இன்னும் மோசமாக்குகிறது. 33 அடி தண்ணீருக்குக் கீழே அழுத்தம் இரண்டு மடங்கு. நுரையீரல் பாதியாக நசுங்கி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் இரட்டிப்பாகும். அடியில் நிற்கும்போது உங்கள் நுரையீரல் காற்றில் ஆக்சிஜன் 5 சதவீதமாகக் குறைந்திருந்தாலும், அழுத்தம் 70 சொச்சம் இருக்கும். மூளை தெளிவாக இருக்கும், 'இன்னும் பத்து நொடி தேடலாம்' என்று தோன்றும். அதே காற்றோடு மேலே ஏறினால், நீர்மட்டத்தை எட்டும்போது அது பாதியாகி 35ஐ ஒட்டி வந்துவிடும், அது நினைவு தப்பும் விளிம்பு. எங்கள் பக்கம் கிணறுகளில் தண்ணீர் நாலு ஆள், ஐந்து ஆள் ஆழம் நின்றாலே அழுத்தம் கணிசமாகக் கூடியிருக்கும். அதனால்தான் இந்த விபத்து பெரும்பாலும் அடியில் நடக்காமல் ஏறும்போதும், ஏறி முடித்த பிறகும் நடக்கிறது. மேலே வந்து முதல் மூச்சு வாங்கிய பிறகும், அந்த ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேரச் சில நொடி ஆகும். அந்த இடைவெளியில் சிலர் அப்படியே மறுபடி கீழே போய்விடுவார்கள்.

உங்கள் நண்பருக்கு நடந்தது பெரும்பாலும் இதன் முதல் படிதான். கண் இருட்டுவதும் கை கால் வெடவெடப்பதும் மூளை ஆக்சிஜனின் கடைசி இருப்பில் ஓடுவதன் அடையாளம். ஆழ்நீச்சல்காரர்கள் அந்த நடுக்கத்துக்கு 'சாம்பா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் ஊரில் அருமையாக நீந்தும் ஒரு அண்ணன் இப்படித்தான் போனார். கரையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை, கை அடித்துத் தவிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீச்சல் தெரியாதவன் முழுகினால் புரிகிறது, இவன் எப்படி என்று ஊரே கேட்டது. கிணறு காவு வாங்கிவிட்டது என்று சொல்லி அந்த வருடமே பொங்கல் வைத்தார்கள். அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று இன்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மருத்துவம் படிக்கும்போது இந்தப் பாடம் வந்த நாளில் எனக்கு அவர் முகம்தான் வந்து நின்றது.

இதுவரை சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை பல. தெளிவில்லாத இடங்களும் உண்டு. 'இனித் தாங்காது' என்ற அந்தக் கடைசி நொடியைக் கரியமில வாயு மட்டும் முடிவு செய்வதில்லை. 1954இல் ஃபவ்லர் என்பவர் ஒரு சோதனை செய்தார். தம் தாங்க முடியாமல் விட்டவர்களுக்கு நல்ல காற்றுக்குப் பதிலாக, ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு நிறையவும் கலந்த காற்றைச் சில மூச்சு கொடுத்தார். ரத்தத்தின் நிலை சரியாகவில்லை, இருந்தும் அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது, உடனே மறுபடியும் தம் பிடிக்க முடிந்தது. நெஞ்சு அசைவதே ஒரு ஆறுதலைத் தருகிறது போலும். உதரவிதானத்திலிருந்து மூளைக்குப் போகும் சேதி இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது பலரின் கருத்து. எனக்கும் அது சரியாகப் படுகிறது, ஆனால் முடிந்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அதுபோலவே, ஓடும்போது மூச்சு பத்து மடங்குக்கு மேல் கூடுகிறது, ஆனால் மிதமான ஓட்டத்தில் ரத்தத்தின் கரியமில வாயு ஏறுவதே இல்லை. அப்படியென்றால் மூச்சைக் கூட்டியது யார்? நூறு வருடத்துக்கு மேலாக இதற்கு விடை தேடுகிறார்கள். காலை அசைக்கச் சொல்லும் மூளையே மூச்சுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது, அசையும் தசைகளிலிருந்தும் சேதி வருகிறது என்று பல விளக்கங்கள் உண்டு. மாணவர்கள் கேட்டால் 'இதெல்லாம் சேர்ந்துதான், எது எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்னாருக்கு இத்தனை நொடி பாதுகாப்பு என்று உங்களுக்கு எண் தரவும் என்னால் முடியாது. அது ஆளுக்கு ஆள் மட்டும் அல்லாமல், அதே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும்.

இந்த எச்சரிக்கை மணி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள், மிக அரிதாக. 'ஃபாக்ஸ் 2பி' என்ற மரபணுவில் பிழை இருப்பதால் கரியமில வாயு ஏறினாலும் அவர்கள் முகுளம் கண்டுகொள்ளாது. விழித்திருக்கும்போது சமாளிப்பார்கள், தூங்கினால் மூச்சு குறைந்துபோகும், இரவு முழுக்க இயந்திரம் வேண்டும். அந்தப் பெற்றோரிடம் மருத்துவர்கள் அழுத்திச் சொல்வதில் ஒன்று, குழந்தையை முங்கு நீச்சல் அடிக்க விடாதீர்கள் என்பது. மூச்சு முட்டுகிறது என்றே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. திட்டில் நின்று முப்பது தடவை மூச்சு வாங்குகிறவர் கொஞ்ச நேரத்துக்கு அந்தக் குழந்தையின் நிலைக்குத் தன்னைக் கொண்டுபோகிறார்.

மூச்சுப் பயிற்சியில் செய்கிறோமே, பூரகம், கும்பகம், ரேசகம் என்று, அது தப்பா என்று அடுத்து கேட்பீர்கள். பாயில் உட்கார்ந்து நிதானமாகச் செய்வதில், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, எனக்குத் தெரிந்து பயப்பட ஒன்றுமில்லை. தலை சுற்றினால் நிறுத்தலாம், சாய்ந்தாலும் பாயில்தான் சாய்வீர்கள். வேகவேகமாக வெளிவிடும் கபாலபாதி போன்ற பயிற்சியை முடித்த கையோடு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து.

கிணறு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாழுங்கிணற்றிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கியவர் சரிந்து விழுவதும், தூக்கப் போன இரண்டாமவர், மூன்றாமவர் அடுத்தடுத்து விழுவதும் செய்தியில் வந்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத காற்றை இழுத்தால் தம் பிடிப்பதைவிட வேகமாக நினைவு போகும். ஒவ்வொரு மூச்சும் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் வெளியே எடுத்துப் போகிறது, ஆனால் கரியமில வாயு தேங்காததால் திணறல் வராது. கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பக் கூடாது, அளவு கூடியதும் அது மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். தம் பிடித்துக்கொண்டு இறங்கித் தூக்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்குச் சொல்லி, காற்றுச் சிலிண்டரோடு வருகிறவர்கள்தான் இறங்க வேண்டும்.

நீச்சலையோ முங்குவதையோ விடச் சொல்லவில்லை. வேகமாக மூச்சு வாங்காமல், சும்மா நின்று சாதாரணமாக மூச்சு விட்டு, கடைசியில் ஒரு தடவை நிதானமாக இழுத்துக்கொண்டு போங்கள். மூச்சு முட்டத் தொடங்கியதும் வந்துவிடுங்கள், வயிறு வெட்டி இழுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் முங்கினால் இன்னொருவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மேலே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பார், இழுத்தால் உடனே தூக்குவதற்கு. தொழிலாகச் செய்தவர்களே தனியாக இறங்கவில்லை.

யாராவது நினைவு தப்பிவிட்டால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். அதில் போவது நேரம் மட்டும்தான், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகவும் கூடும். மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகவாயைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இல்லையென்றால் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108க்குப் பேசட்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

உங்கள் நண்பரைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஆக்சிஜன் குறைந்ததால்தான் அப்படி ஆனது என்று நான் நினைத்தாலும், நேரில் பார்க்காமல் அதை உறுதி செய்ய முடியாது. நீந்தும்போது மயங்குவது சிலருக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் இருக்கும் பிறவிக் கோளாறின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். அவர் அடுத்த தடவை தண்ணீரில் இறங்கும் முன் ஒரு மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடட்டும், அரசு மருத்துவமனையிலேயே எடுப்பார்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.